வெள்ளிக்கிழமை வாசனை என்று சொன்னாயாமே

அன்பு மகள் ஆன்ஸ்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஆண்டவர் கிருபையில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர் தொடங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் வலி திரும்பி வந்திருக்கிறது, ஆனாலும் மான் வேட்டைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, போய்விட்டு வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு முனகுகிறார். பின்பக்கத்துப் பெக்கான் மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, அணில்கள் தின்றதுபோக நமக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிஸ்கட் உன் கட்டிலில்தான் படுக்கிறது, விரட்டி விரட்டி அலுத்துப்போய் விட்டுவிட்டேன், நாய் முடியெல்லாம் நீ வருவதற்குள் சுத்தம் செய்துவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில்தானே பேசினேன், பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் கோபம் ஆறினதும் மீதியைப் படிக்கலாம். படி, கண்ணு. முழுக்கப் படி.

எப்படிக் கேள்விப்பட்டேன் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை, நீயும் “யாரு சொன்னா, யாரு சொன்னா” என்றுதான் கத்திக்கொண்டிருந்தாய். அன்றைக்கு ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு நடந்தது. நான் கோழி கேசரோல் கொண்டுபோயிருந்தேன். பேஜின் அம்மா மெரிடித் தட்டும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், நீயும் பேஜும் காலேஜில் ஒரே சொராரிட்டியில், ஒரே பெண்கள் சங்கத்தில், இருப்பதிலிருந்து என்னைக் கண்டால் உடன்பிறந்தவள் மாதிரி ஒட்டிக்கொள்கிறாள். “ரோண்டா, உன் பொண்ணு டிவியில வரவேண்டியவ. பேஜ் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா, எனக்கு வயிறு வலியே வந்துடுச்சு” என்றாள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டே என்னவென்று கேட்டேன். அவள் சொன்னாள். ஆகஸ்டில் புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்க உங்கள் சங்க வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்தபோது நம் ஊர் பிரென்னாவின் பெயர் வந்ததாம், இவள் உன் ஊர்க்காரிதானே, எப்படி என்று தலைவி உன்னைக் கேட்டாளாம். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இவளைச் சேத்துக்கிட்டா நமக்கு காலண்டரே வேணாம், தினமும் வெள்ளிக்கிழமைதான், இவ அம்மா ஸ்கூல் கேன்டீன்ல வெள்ளிக்கிழமை தவறாம மீன் வறுக்கிறவங்க, அந்த வாசனை இவ மேலயே இருக்கும்” என்றாயாம். அறையே விழுந்து விழுந்து சிரித்ததாம். அதற்குப் பிறகு பிரென்னாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம், பெயரை எடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்களாம்.

ஆன்ஸ்லி, இதை எழுதக் கை கூசுகிறது. மெரிடித் சொல்லி முடித்தபோது நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னைப் புகழ்கிறாள் என்று முன்கூட்டியே விரித்து வைத்த சிரிப்பு, காதுக்கு விஷயம் போய்ச் சேர்ந்த பிறகும் முகத்திலிருந்து இறங்க மறுத்தது. அந்த ஹாலின் மறுகோடியில் பிரென்னாவின் அம்மா ட்வைலா காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை தூக்கி என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன். கேசரோல் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்விட்டேன், அப்பா வந்து ஏன் முகம் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு ஹாலில் புழுக்கம் என்றேன். நவம்பர் மாதத்தில் என்ன புழுக்கம்.

சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். இல்லை என்று சொல்வாய், அது யாரோ கட்டின கதை என்று நீ சொல்ல, நான் நம்பிவிடலாம் என்றுதான் செய்தேன். நீ என்னவென்றால், “அம்மா, அது சும்மா ஜோக். அந்த ரூம்ல எல்லாரும் எல்லாரையும் பத்தி அப்படித்தான் பேசுவாங்க. உள்ள பேசறது வெளிய போகக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கோம், யாரு வெளிய சொன்னா?” என்றாய். அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை வரவில்லை, வெளியே சொன்னவள் மேல்தான் கோபம். நான் ட்வைலா பெயரை எடுத்ததும் வைத்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் உன் தட்டில் சோளமாவு உருண்டையை மற்றவர்களுக்கு வைப்பதைவிட ஒன்று அதிகமாக வைத்து, “ஒல்லியா இருக்கே, சாப்பிடு” என்று சொன்னவள் அவள்தான். வீட்டுக்கு வந்து நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

கேள், இன்னும் இருக்கிறது. புதன்கிழமை ட்வைலா நம் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிப் பாத்திரம் நிறைய வாழைப்பழப் புட்டிங் செய்து, மேலே ஈரத்துணி போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நன்றி சொல்ல வந்தாளாம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு பிரென்னாவை உன் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாயாம், இல்லாவிட்டால் அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி வரவேண்டியிருக்குமாம். அதோடு நிறுத்தவில்லை. “ஆகஸ்ட்ல அவளுக்கு ஒரு சங்க வீட்டுலயும் இடம் இல்லன்னு தெரிஞ்சப்போ உங்க பொண்ணுதான் தேடி வந்து, ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து, ரூம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாளாம். பெத்தவ நான் பக்கத்துல இல்ல, அவ இருந்தா. நல்லா வளத்திருக்கீங்க ரோண்டா” என்றாள். நான் புட்டிங் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனமாக இருந்தது, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

நீ அப்படிச் செய்தாயா? செய்திருப்பாய். எதற்குச் செய்தாய் என்று அன்றைக்கிலிருந்து யோசிக்கிறேன். மனம் உறுத்திப் போனாயா, இல்லை அவளுக்குச் சந்தேகம் வராமல் இருக்கப் போனாயா? முதலாவதுதான் என்று நினைத்துக்கொண்டு படுக்கிறேன், எழுந்திருக்கும்போது இரண்டாவது வந்து நிற்கிறது. பெற்ற மகளைப் பற்றி இப்படி யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று அதுவும் வெட்கமாக இருக்கிறது.

போகும் முன் சமையலறை வாசலில் நின்று ட்வைலா ஒன்று கேட்டாள். “ஜனவரியில சில சங்கத்துல மறுபடி ஆள் எடுப்பாங்களாமே. பிரென்னா போகட்டுமா வேணாமான்னு கேக்கறா. எனக்கென்ன தெரியும், நான் ஸ்கூலோட நின்னவ. உங்களுக்கு இதெல்லாம் தெரியும். சொல்லுங்க, இதுல சேர்றது புள்ளைங்களுக்கு நல்லதுதானா?” இதே கேள்வியை ஜூன் மாதம் கடைத்தெருவில் வைத்துக் கேட்டாள், நான் கண்ணை மூடிக்கொண்டு, சேரட்டும், நம்ம ஆன்ஸ்லி அங்கேதான் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அந்தப் பெண் கோடை முழுவதும் மளிகைக் கடையில் வேலை பார்த்து ஆகஸ்டில் ஆள் எடுக்கிற அந்த வாரத்துக்கென்று உடுப்புகள் வாங்கினாள். புதன்கிழமை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

புட்டிங்கை ஃபிரிட்ஜில் வைத்தேன். ராத்திரி அப்பா அதில் ஒரு பெரிய வெட்டு வெட்டிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, “அதைத் தொடாதீங்க” என்று கத்திவிட்டேன். பாவம், வாயில் கரண்டியோடு விழித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். “சின்னப் பசங்க பேச்சு ரோண்டா, நாங்க எங்க சங்கத்துல பேசாததா? ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நீ போய்க் கிளறாதே” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உன் தாத்தா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அத்தனை பேரும் அப்பாவின் கல்லூரிச் சங்கத்து ஆட்கள்தான், ஒருவர் டென்வரிலிருந்து வந்தார். போன வருஷம் உனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது நாங்கள் காரை விரட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் உன் சங்க வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி உன் தலைமாட்டில் நின்று முடியைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான் எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும், பக்கத்து ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நேராக வங்கிக்குப் போனவள். சங்கத்திலிருந்து உனக்கு அழைப்பு அட்டை வந்த அன்று நீ வெள்ளை உடுப்பில் புல்வெளியில் ஓடிவருகிற படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். அந்தப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த வாரம் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கிறேன்.

ட்வைலாவுக்கு இது வேறு யார் வாயிலிருந்தாவது போவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்பா வேண்டாம் என்றார். சனிக்கிழமை பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்தும் கூட்டுவதை நிறுத்தவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தை நீட்டி, “ட்வைலா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன். “தெரியும்” என்றாள். “நேத்து மீன் நாள். வரிசையில நின்ன டீச்சர் ஒருத்தி பக்கத்துல இருந்தவகிட்ட, இன்னைக்குத்தான் நிஜமாவே வெள்ளிக்கிழமைன்னு சொல்லிச் சிரிச்சா. நிமிந்தா நான் நிக்கிறேன். டக்குனு வாயை மூடிக்கிட்டா. அவ மூடின விதத்துலதான் இது என்னைப் பத்தின பேச்சுன்னு தெரிஞ்சுது. கரண்டியைக் கீழ வெச்சேன். சொல்லு, சொன்னாத்தான் அடுத்த தட்டுன்னேன். பின்னால புள்ளைங்க வரிசை வளந்துக்கிட்டே போச்சு. சொன்னா.”

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்ன, வாயில் வந்ததையெல்லாம் உளறினேன். அவள் இலைக்குவியலைப் பார்த்துக்கொண்டே, “நான் வேலை விட்டு வந்ததும் நேரா குளிக்கப் போறவ ரோண்டா. வேற எதையும் தொடமாட்டேன். பிரென்னா நாலு வயசுல ஒரு நாள், அம்மா மீன் வாசனைன்னா. அன்னையிலேருந்து எம்பொண்ணுகிட்டப் போறதுக்கு முன்னாடி குளிச்சிட்டுத்தான் போவேன். அவ மேல வாசனை இருக்கவே முடியாது. உங்க பொண்ணுக்கு அது தெரியும், எங்க வீட்டுல எத்தனை தடவை வந்து விளையாடியிருக்கா” என்றாள். பிறகு நிமிர்ந்து, “உங்க வீட்டுல இப்படித்தான் பேசிப்பீங்களா?” என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன், பொய்யாகப் போயிருக்கும். போதகர் மனைவியின் தொப்பி, எதிர்வீட்டுக்காரரின் ஓட்டை டிரக், வங்கிக்கு வருகிறவர்களின் கையெழுத்து, நம் சாப்பாட்டு மேஜையில் நாம் விட்டுவைத்தது யாரை? நீ குழந்தையாக இருக்கும்போது யாரையாவது நடித்துக் காட்டினால் அப்பாவைக் கூப்பிட்டு, அவருக்கும் ஒரு தரம் செய்து காட்டு என்று சொன்னவள் நான். உனக்கு அந்த அறையில் சிரிப்பு வரவழைக்கத் தெரிந்திருந்ததே, அதைச் சங்கம் மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். “பிரென்னாவுக்கு இது தெரியக்கூடாது. அந்த ஊர்ல அவளுக்குன்னு இருக்கறது உங்க பொண்ணு ஒருத்திதான். போன் பண்ணா ஆன்ஸ்லி இப்படிச் சொன்னா, ஆன்ஸ்லி அப்படிச் சொன்னான்னுதான் பேச்சு. அதையும் பிடுங்கிட்டா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவா. வந்து என் பக்கத்துல நின்னு மீன் வறுப்பா. அதுக்கா அவளை அனுப்பினேன்? நீங்க மூச்சு விடமாட்டேன்னு சொல்லுங்க.” சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உடனே, “மன்னிச்சிட்டேன்னு நினைச்சுடாதீங்க. நான் மன்னிக்கல. உங்க பொண்ணு மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல” என்றாள். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவளாக நடந்திருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

அவள் கேட்ட கேள்வி பாக்கி இருந்தது. சேருவது நல்லதா என்று. நான் சொன்னேன், “உள்ள இருக்கறவங்களுக்கு நல்லதுதான் ட்வைலா, அதை நான் கண்ணால பாத்தேன். யாரை உள்ள விடறது, யாரை வெளிய நிறுத்தறதுன்னு சின்னப் பொண்ணுங்க கையில குடுத்திருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. எம்பொண்ணையே எனக்கு அடையாளம் தெரியல” என்று. அவள், பிரென்னாவே முடிவு செய்யட்டும் என்று துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

சங்கத்தை விட்டு வெளியே வா என்று உன்னிடம் சொல்லமாட்டேன், கண்ணு. வெளியே வந்தால் நடந்தது நடக்காமல் போய்விடாது, அப்பாவும் ஒத்துக்கொள்ளமாட்டார். அடுத்த ஆகஸ்டில் மறுபடி அந்த அறையில் உட்காருவாய், யாரோ ஒரு பெண்ணின் பெயர் வரும், உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் நீ சிரிக்க வைப்பாய் என்று தெரியும். அப்போது உன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது உன் பாடு. நான் அங்கே இருக்கமாட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் அடுத்த வாரம் இருக்கிறது. நீயும் பிரென்னாவும் தனியாக ஒரே காரில் அரைநாள் வரப்போகிறீர்கள். அவள் உன்னைத் தோழி என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், வழியில் நீ தூங்கிவிடக்கூடாதே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவாள். அவளிடம் சொல்லமாட்டேன் என்று ட்வைலாவுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். நீ ட்வைலாவுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சொன்னால் அவள் உன்னை வெறுக்கலாம், காலேஜை விட்டே போய்விடலாம், ட்வைலா பயப்படுவதும் அதற்குத்தான். சொல்லாவிட்டால் அவள் உன்னைத் தொடர்ந்து நம்புவாள், அதை எப்படித் தாங்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் செய் என்று சொல்ல எனக்கு இந்த வாரம் யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் நினைத்துக்கொண்டிருக்கிற தோழியாக நீ ஆகிவிடு. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த அன்றைக்கு உனக்குள் என்ன இருந்ததோ, அதில் நல்லது ஏதாவது கொஞ்சம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொள். உன் சங்க வீட்டுப் பெண்கள் பார்க்கும்படி அவளோடு உட்கார்ந்து சாப்பிடு.

கிளம்பும்போது ட்வைலாவிடம் கேட்டேன், பிள்ளைகள் வருகிற அன்று நானும் உங்கள் வாசலில் வந்து நிற்கட்டுமா என்று. “வந்து நில்லுங்க. உங்க பொண்ணு இறங்கும்போது எம்மூஞ்சி என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும்” என்றாள். அதனால் நேராக நம் வீட்டுக்கு வராதே, முதலில் அங்கே வா. நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். கார்க் கண்ணாடியை இறக்கிக் கையாட்டிவிட்டுப் போய்விடாதே, ஆன்ஸ்லி. இறங்கி வா.

எனக்குக் கோபம் இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, உன் மேலும் என் மேலும். இரண்டும் போன பிறகும் மிச்சம் இருக்கப்போவது நீதான், அதை மறந்துவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் நாவையும் காக்கட்டும். கிளம்புவதற்கு முன் டயரில் காற்றுப் பார்த்துக்கொள், பின்பக்க இடது டயர் எப்போதும் இறங்கிவிடும். பிரென்னாவிடம் நல்ல குளிர்கோட்டு இல்லை என்று ட்வைலா சொன்னாள், உன் நீலக் கோட்டை அவளுக்குக் கொடு, பெருமையாகக் கொடுக்காதே, பின்சீட்டில் சும்மா கிடந்தது என்று சொல்லிக் கொடு.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா,
ரோண்டா